அந்தக் காலத்து மீன்: நினைவு எதற்குச் சாட்சி?

“அந்தக் காலத்துல மீன் கொட்டிக் கெடந்துச்சு.” அடையாற்றின் முகத்துவாரத்துக்குத் தெற்கே, ஊரூர் குப்பமும் ஒல்காட் குப்பமும் ஒட்டிக் கிடக்கும் மணலில் இந்தப் பேச்சு அன்றாடம் காதில் விழுவது. மாலையில் காற்று வாங்க வரும் பெசன்ட் நகர்க்காரரும் இதையே சொல்வார். பல ஆண்டுகளுக்கு முன் ஊரைவிட்டுப் போய் வேறு நாட்டில் உறைந்த வஞ்சிரத்தை வாங்கிக் குழம்பு வைப்பவரும் சொல்வார். பழைய தெரு, பழைய ருசி, வீட்டில் வளர்த்த நாய், காணாமல்போன பலகாரம் என்று ஓய்வு நேரத்தில் ஓடும் பேச்சில் இதுவும் ஒன்று. மற்றவற்றைச் சும்மா பேச்சு என்று விட்டுவிடலாம். மீனைப் பற்றிய பேச்சை அப்படி விட முடியாது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரைக்கு முன்னால் இருந்த கடலில் என்ன மீன், எவ்வளவு, எந்தப் பருவத்தில் கிடைத்தது என்று கேட்டால், குப்ப அளவில் அதற்கு எழுத்துச் சான்று அநேகமாக இல்லை. இருப்பது இந்தப் பேச்சு மட்டுமே.

ஆக, கேள்வி இது: கழிந்த காலத்தைப் பற்றிய ஏக்கம் கடலைப் பற்றிச் சொல்கிறதா, ஏங்குபவரைப் பற்றிச் சொல்கிறதா? மருத்துவர்கள், இலக்கிய விமர்சகர்கள், மீன்வளப் புள்ளியியலாளர்கள், உளவியலாளர்கள், மானுடவியலாளர்கள் என்று பலரும் இதற்கு விடை சொல்லியிருக்கிறார்கள். அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. நினைவை மொத்தமாக ஏற்பதும் மொத்தமாகத் தள்ளுவதும் இரண்டுமே பிழை என்பது இக்கட்டுரையின் வாதம். எதைப் பற்றிய நினைவு என்று பிரித்துப் பார்த்தால்தான் அது எங்கே உறுதியாக நிற்கிறது, எங்கே சரிகிறது என்று தெரியும்.

ஏக்கம் நோயாக இருந்தபோது

ஏக்கத்தை முதலில் கையில் எடுத்தவர்கள் மருத்துவர்கள். 1688இல் பாசல் நகரில் யோஹான்னஸ் ஹோஃபர் தம் மருத்துவ ஆய்வேட்டில், வெளியூரில் வாழும் சுவிஸ் இளைஞர்களை உருக்கும் ஊர் ஏக்கத்தை ஒரு நோயாகவே விவரித்தார். கூலிப்படையினராகப் பிற நாடுகளில் பணியாற்றிய சுவிஸ் வீரர்கள் அந்த நோயின் நிலையான எடுத்துக்காட்டு ஆனார்கள். நோய் என்ற பார்வை பின்னால் மங்கிவிட்டது. ஆனால் அதன் நிழல் விலகவில்லை. பழையதைப் பற்றிப் பேசுபவர் ஏதோ ஒரு குறையால் பேசுகிறார், அவர் சொல்வதைவிட அவருடைய மனநிலையே கவனிக்க வேண்டியது என்ற முன்முடிவு இன்றைக்கும் அதிகாரிகளின் மேசைவரை வருகிறது.

இதைவிடக் கூர்மையான ஐயத்தை எழுப்பியவர் ரேமண்ட் வில்லியம்ஸ். கிராமமும் நகரமும் ஆங்கில இலக்கியத்தில் எப்படிச் சித்திரிக்கப்பட்டன என்று ஆராய்ந்து 1973இல் வெளியிட்ட நூலில், பொற்காலம் எப்போதும் ஒரு தலைமுறைக்கு முன்னால்தான் இருக்கிறது என்று காட்டினார். இன்றைய எழுத்தாளர் தம் இளமைக்காலத்தை நிறைவான காலம் என்கிறார்; அந்தக் காலத்து எழுத்தாளரைத் திறந்தால் அவரும் தமக்கு முந்தைய காலத்தைக் காட்டுகிறார்; இப்படியே பின்னோக்கிப் போய்க்கொண்டே இருக்கலாம்.

மீனுக்கும் இது பொருந்துமா? ஓரளவு பொருந்துகிறது. மீன் குறைகிறது என்ற முறையீடு இழுவைப் படகோடு பிறந்ததல்ல. அணைக்கட்டுகளால் ஆற்று மீன் குறைகிறதா என்ற விவாதம் 1860களிலேயே சென்னை மாகாணத்தில் எழுந்துவிட்டது. இந்திய மீன்களைப் பற்றிப் பெருநூல் எழுதிய பிரான்சிஸ் டே, 1873இல் நன்னீர் மீன்களைப் பற்றியும் கடல் மீன்களைப் பற்றியும் தனித்தனி அறிக்கைகள் தந்தார். 1897இல் வந்த இந்திய மீன்பிடிச் சட்டம், நீரில் வெடி வைப்பதையும் நஞ்சு கலப்பதையும் தடை செய்தது. எனவே ‘அந்தக் காலத்து மீன்’ என்று இன்றைய முதியவர் காட்டும் காலத்துக்கு நூறு ஆண்டுக்கு முன்பே மீன் போதவில்லை என்ற கவலை ஆவணமேறிவிட்டது.

ஆனால் வில்லியம்ஸின் வாதத்தை இங்கே நிறுத்திக்கொள்ள வேண்டும். எல்லாத் தலைமுறையினரும் ஒரே முறையீட்டைச் சொன்னார்கள் என்பதால் எல்லா முறையீடும் பொய் என்றாகாது. தலைமுறைக்குத் தலைமுறை உண்மையிலேயே குறைந்து வந்திருந்தாலும் இதே சங்கிலிதான் கிடைக்கும். வில்லியம்ஸே இந்த முறையீடுகளை ஒரே வகையாக எண்ணித் தள்ளிவிடவில்லை. ஒவ்வொன்றும் அந்தந்தக் காலத்து மாற்றத்துக்குக் கொடுத்த எதிர்வினை என்று பிரித்துப் பார்க்கச் சொன்னார். அவரை மேற்கோள் காட்டுகிறவர்களில் பலர் அந்தப் பாதியை விட்டுவிடுகிறார்கள்.

கணக்கு சொல்லும் எதிர்க்கதை

நினைவுக்கு எதிராக நிற்கும் வலுவான தரப்பு புள்ளிவிவரம். மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 1947இல் தொடங்கப்பட்டது. கரைசேரும் மீனை மாதிரி எடுப்பு முறையில் மதிப்பிடும் அதன் பணி பல பத்தாண்டுகளாக நடந்துவருகிறது. 1950 வாக்கில் இந்தியாவின் கடல் மீன்பிடிப்பு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 லட்சம் டன். 2023இல் அது ஏறத்தாழ 35 லட்சம் டன். ஏழு மடங்கு. இந்த வரைபடத்தை முன்னால் வைத்துக்கொண்டு பார்த்தால், மீன் குறைந்துவிட்டது என்ற பேச்சு வெறும் மனக்குறை என்றுதான் தோன்றும்.

முரண் அவ்வளவு எளிதில் தீர்வதில்லை. 35 லட்சம் டன் என்பது கடலில் உள்ள மீனின் அளவல்ல. கடலிலிருந்து எடுத்ததன் அளவு. 1950களில் கட்டுமரமும் பருத்தி வலையும் தொட்ட தூரம் வேறு. நைலான் வலை, விசைப்படகு, இழுவை வலை, பனிக்கட்டி, வெளிப்புற மோட்டார், மீன் கூட்டத்தைக் காட்டும் கருவி ஆகிய ஒவ்வொன்றும் வந்தபோது எடுக்கும் தூரமும் ஆழமும் நேரமும் கூடின. முன்பு கரைக்கே கொண்டுவராத சிறு மீன்கள் இன்று மீன்தூள் ஆலைக்குப் போகின்றன. அவையும் டன் கணக்கில் சேர்கின்றன. குப்பத்து மீனவர் பேசுவது மொத்த டன்னைப் பற்றியல்ல, தன் படகின் ஒருநாள் பாட்டைப் பற்றி. நாட்டின் மொத்தம் கூடும்போதே ஒரு படகின் பாடு குறையலாம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருப்பதில் கணக்குப்படி எந்தத் தடையும் இல்லை.

மொத்தத்தைப் பார்த்து ஏமாந்ததற்கு உலகறிந்த எடுத்துக்காட்டு கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து. அங்கே 1980களில் ஆழ்கடல் இழுவைக் கப்பல்களுக்கு காட் மீன் தொடர்ந்து கிடைத்துக்கொண்டிருந்ததால் இருப்பு நன்றாக இருப்பதாக அரசு விஞ்ஞானிகள் கணித்தார்கள். கரையோரச் சிறு மீனவர்களோ மீன் குறைகிறது, உருவமும் சிறுக்கிறது என்று முறையிட்டார்கள். 1992இல் காட் மீன்பிடிப்பை மொத்தமாக நிறுத்த வேண்டிவந்தது. கருவி மேம்பட்ட கப்பல், மிச்சமிருக்கும் மீன் கூட்டத்தைத் தேடிப் போய் எடுத்துக்கொண்டிருக்கும். இடம்விட்டு அதிகம் நகராத சிறு படகுக்குத்தான் வீழ்ச்சி முதலில் தெரியும். கரையோர மீனவரின் பேச்சைக் கேட்டிருந்தால் காட் பிழைத்திருக்குமா என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அங்கே ஏக்கம் என்று கருதப்பட்டது, காலத்தே வந்த எச்சரிக்கை.

தமிழகச் சட்டமும் இந்த வேறுபாட்டை மறைமுகமாக ஏற்றிருக்கிறது. விசைப்படகுகளுக்கும் கட்டுமரங்களுக்கும் கடலில் மூண்ட மோதல்களுக்குப் பின் வந்த 1983ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம், கரையிலிருந்து 3 கடல் மைல்களைச் சிறு மீனவருக்கு ஒதுக்கியது. 2001இல் 45 நாளாகத் தொடங்கிய தடைக்காலம் 2017இலிருந்து ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாளாக நீண்டது. கடலில் எல்லாம் பெருகிக்கொண்டிருக்கிறது என்று நம்பும் அரசு இப்படி நாளைக் கூட்டாது.

நகரும் அளவுகோல்

மூன்றாவது தரப்பு நினைவை மறுக்கவில்லை. நினைவு போதாது என்கிறது. 1995இல் மீன்வள விஞ்ஞானி டேனியல் பாலி எழுதிய சிறு கட்டுரை இதன் தொடக்கம். ஒவ்வொரு தலைமுறை மீன்வள விஞ்ஞானியும் தாம் பணிக்கு வந்தபோது இருந்த நிலையையே இயல்பு நிலை என்று எடுத்துக்கொள்கிறார், அதற்கு முன் இழந்தது கணக்கிலேயே வருவதில்லை என்றார். கடைசியில் ஒரு மீன் முற்றாக மறைவதும் கவனத்துக்கு வராமல் போகிறது. பழைய பயணிகளின் குறிப்புகள், கிழவர்களின் பேச்சு என்று விஞ்ஞானம் ஒதுக்கிய ‘கதை’களை ஆய்வுக்குள் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய பரிந்துரை. குறை சொன்னது மீனவரை அல்ல, தம் சக விஞ்ஞானிகளை என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இதைச் சோதித்தவர்கள் உண்டு. மெக்சிகோவின் கலிஃபோர்னியா வளைகுடாவில் மூன்று தலைமுறை மீனவர் 108 பேரிடம் நடத்திய ஆய்வு 2005இல் வெளியானது. இளையவர்கள் சொன்னதைப் போல ஐந்து மடங்கு மீன் இனங்களையும் நான்கு மடங்கு மீன்பிடி இடங்களையும் ‘முன்பு நிறைய இருந்தது, இப்போது இல்லை’ என்று முதியவர்கள் பெயரிட்டார்கள். அமெரிக்காவின் கீ வெஸ்ட் துறைமுகத்தில், பிடித்த மீனைத் தொங்கவிட்டுச் சுற்றுலாப் பயணிகள் எடுத்துக்கொண்ட படங்களை லோரன் மெக்கிளனகன் ஒப்பிட்டார். 1956இல் சராசரி மீனின் எடை 19.9 கிலோ, 2007இல் 2.3 கிலோ. புகைப்படத்துக்கு ஏக்கம் கிடையாது. அது முதியவர் பக்கம் சாட்சி சொல்கிறது.

இதற்கு எதிரான வாதமும் வலுவானதுதான். நினைவு என்பது பெட்டியில் பூட்டி வைத்ததைத் திறந்து எடுப்பதல்ல, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கட்டுவது என்று உளவியலாளர் ஃபிரடெரிக் பார்ட்லெட் 1932இலேயே காட்டினார். அசாதாரணமான நாள்தான் மனதில் பதியும். வலை கிழியக் கிழிய மீன் வந்த ஒருநாள், வெறும் வலையோடு திரும்பிய இருபது நாட்களை மறைத்துவிடும். மீனவரிடம் நேர்காணலில் கேட்ட பிடிப்பளவையும் அவர்களே நாள்தோறும் எழுதிய ஏட்டின் அளவையும் பிலிப்பைன்ஸில் ஒப்பிட்டபோது, நேர்காணலில் சொன்ன அளவே கூடுதலாக இருந்தது. டிம் டா என்ற ஆய்வாளர் 2010இல் விடுத்த எச்சரிக்கையும் இத்தகையதே: தலைமுறை மறதியைப் பற்றி மட்டும் கவலைப்பட்டால் போதாது, தனி மனித நினைவின் மாயையையும் கணக்கில் எடுக்க வேண்டும். மறதி இழப்பைக் குறைத்துக் காட்டும். மாயை கூட்டிக் காட்டும். எது எவ்வளவு என்று முன்கூட்டிச் சொல்ல வழியில்லை.

சென்னைக் கரைக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. ஆய்வுகளில் அது போதிய அளவு பேசப்படவில்லை என்று தோன்றுகிறது. மனிதர் தம் வாழ்க்கையில் பத்து வயதிலிருந்து முப்பதுக்குள் நடந்தவற்றையே அதிகம் நினைவுகூர்கிறார்கள் என்பது உளவியலில் ஓரளவு நிலைபெற்ற கண்டுபிடிப்பு. இன்று எழுபதை நெருங்கும் மீனவருக்கு அந்த வயது 1960களின் பிற்பகுதி முதல் 1980களின் நடுப்பகுதி வரை. நைலான் வலை பரவியதும் இறால் ஏற்றுமதி சூடுபிடித்ததும் மோட்டார் எட்டிப் பார்த்ததும் அந்தக் காலத்தில்தான். புதிய கருவி, அதுவரை அதிகம் தொடப்படாத கடலைத் தொட்ட காலம் அது. அவர் நினைவிலுள்ள செழிப்பு கடலின் இயல்பு நிலையாக இருக்கலாம். புதுக் கருவியின் முதல் அறுவடையாகவும் இருக்கலாம். இரண்டாவது என்றால், அந்த அளவுக்குத் திரும்ப வேண்டும் என்று இலக்கு வைப்பதே தவறான கணக்காகிவிடும்.

மத்தி இதைத் தெளிவாக்குகிறது. மலபார்க் கரையின் மீனாகவே நெடுங்காலம் அறியப்பட்ட அது, தமிழகத்தின் கிழக்குக் கரையில் பெருமளவில் பிடிபடத் தொடங்கியது 1980களின் பிற்பகுதிக்குப் பிறகுதான் என்பது மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் பதிவு. கடல் வெப்பம் கூடுவதோடு அதன் பரவலைத் தொடர்புபடுத்திப் பேசும் ஆய்வுகளும் உண்டு. இன்று சென்னைச் சந்தையில் மத்தி இல்லாத நாளைக் கண்டு ‘முன்பெல்லாம் எவ்வளவு வரும்’ என்று ஒருவர் சொன்னால், அந்த ‘முன்பெல்லாம்’ அவருடைய தாத்தாவுக்கு இருந்ததே இல்லை.

விலையும் நாக்கும்

பழைய மீனைப் பற்றிய பேச்சில் பாதி, அளவைப் பற்றியதே அல்ல. ஒரு கூறு இறால் சில்லறைக் காசுக்குக் கிடைத்தது என்பார்கள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் கடலில் இறால் நிறைய இருந்ததற்கு அது சாட்சியாகாது. உறைய வைத்து ஏற்றுமதி செய்யும் தொழில் வருமுன் இறாலுக்குச் சந்தை இல்லை. கேரளத்தில் தென்னைக்கு உரமாகப் போட்டார்கள் என்று பதிவாகியிருக்கிறது. ஜப்பானும் அமெரிக்காவும் வாங்கத் தொடங்கியபின் அதே இறால் உள்ளூர்ச் சட்டிக்கு எட்டாத விலைக்குப் போனது. இங்கே இழந்தது கடல்வளமா, வாங்கும் சக்தியா என்று பிரிக்காமல் இரண்டையும் ‘அந்தக் காலம்’ என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுகிறோம்.

ருசி இன்னும் சிக்கலானது. கிரேக்கத் தீவான காலிம்னோஸில் உணவையும் நினைவையும் ஆராய்ந்த மானுடவியலாளர் டேவிட் சட்டன், 2001இல் வெளியிட்ட நூலில், மக்கள் உணவின் வழியாகக் கடந்தகாலத்தைத் திட்டமிட்டே நினைவில் வைக்கிறார்கள் என்று காட்டினார். ருசியின் நினைவு தற்செயலாக வருவதல்ல, உறவுகளைப் பேணும் ஒரு வழி என்பது இந்தத் தரப்பின் பலம். அந்தப் பார்வையில், ‘அம்மா வைத்த சங்கரா மீன் குழம்பு’ என்பதில் மீனின் பங்கு சிறிதாகவும் அம்மாவின் பங்கு பெரிதாகவும் இருக்கும். ஆனால் ருசி மாறியதற்குப் புறக்காரணமே இல்லை என்றும் முடித்துவிடக் கூடாது. விடியலில் கரைக்கு வந்து காலையிலேயே சட்டிக்குப் போகும் நெத்திலியும், பல நாள் பனிக்கட்டியில் கிடந்து தொலைதூரத் துறைமுகத்திலிருந்து லாரியில் வரும் மீனும் ஒன்றல்ல. 2018இல் கேரள உணவுப் பாதுகாப்புத் துறை நடத்திய சோதனையில் ஃபார்மலின் கலந்த மீன் பிடிபட்டபோது இது நுகர்வோருக்கும் உறைத்தது. மசாலா அம்மியிலிருந்து மிக்சிக்குப் போனதும், மண்சட்டி அடுப்பைவிட்டு இறங்கியதும் தம் பங்குக்கு ருசியை மாற்றியிருக்கும். இவற்றில் எது எவ்வளவு என்று நாக்கை மட்டும் நம்பிப் பிரிக்க இயலாது. ருசியின் நினைவு அன்பைப் பற்றி நிறையச் சொல்லும். கடலைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்லும்.

கடலை எழுதிவைப்பது

நினைவை ஏக்கமாகப் பார்க்காமல் அறிவாகப் பார்க்கும் தரப்புக்கு முன்னோடி ராபர்ட் ஜொஹான்னஸ். பசிபிக்கின் பாலாவ் தீவு மீனவர்களுடன் பழகி 1981இல் அவர் எழுதிய நூல், பல மீன் இனங்கள் எந்தப் பிறைநாளில் எங்கே கூடி முட்டையிடும் என்ற செய்தியை உயிரியலாளருக்கு முன்பே மீனவர் அறிந்திருந்ததைப் பதிவு செய்தது. சென்னைக் கரையிலும் இந்த அறிவுக்கு உடல் உண்டு. கச்சான், வாடை, கொண்டல், ஈரான் காற்று என்று காற்றுக்குப் பெயர். வன்னி, தெண்டி என்று நீரோட்டத்துக்குப் பெயர். எந்தக் காற்றுக்கும் தண்ணிக்கும் எந்த மீன், எந்த வலை என்ற இணைப்பு. மாகாண மீன்வளத் துறை இயக்குநராக இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1920களில் சோழமண்டலக் கரையின் மீன்பிடி முறைகளைத் தொகுத்தபோது வலைகளும் படகுகளும் ஏட்டில் ஏறின. காற்றும் நீரோட்டமும் பற்றிய நுண்ணறிவு பெரும்பாலும் வாய்மொழியாகவே நின்றது.

இந்த இடத்தில்தான் ஊரூர் குப்பம் விவாதத்துக்குள் வருகிறது. 2010களின் இறுதியில், இக்குப்பத்து மீனவர் எஸ். பாளையம் காற்று, நீரோட்டம், கடலின் நிலை, கிடைத்த மீன் ஆகியவற்றை நாள்தோறும் குறித்துவைக்கத் தொடங்கினார். சென்னையின் கடற்கரை வள மையம் அப்பணிக்குத் துணைநின்றது. நினைவுக்கும் ஏட்டுக்கும் உள்ள வேறுபாட்டை இந்த முயற்சி ஒரே அடியில் காட்டிவிடுகிறது. ‘இந்தப் பருவத்தில் தெண்டி அடிக்க வேண்டும், அடிக்கவில்லை’ என்று எழுதும்போது எதிர்பார்ப்பு பழைய அறிவிலிருந்தும், கவனிப்பு அன்றைய நாளிலிருந்தும் வருகிறது. இரண்டையும் பின்னால் யாரும் சரிபார்க்கலாம்.

மறுப்பு எதிர்பார்க்கக் கூடியதே: ஒரு குப்பத்தில் ஒருவர் எழுதியதை வைத்து வங்கக் கடலைப் பற்றி முடிவு கட்டலாமா? கட்டக் கூடாதுதான். ஆனால் அதே மறுப்பை மறுபக்கமும் திருப்ப வேண்டும். மாநில அளவுக்கு வடிவமைத்த மாதிரி எடுப்பு, மணலிலேயே படகை ஏற்றி, மணலிலேயே ஏலம் விட்டு, பெண்கள் கூடையில் தலைச்சுமையாகத் தெருவுக்குக் கொண்டுபோய்விடும் ஒரு சிறு கரையின் மாற்றத்தைத் தனியே பிரித்துக் காட்டாது. ஆமைகள் விஷயத்தில் இக்கரைக்கு நல்ல முன்மாதிரி உண்டு. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு 1988 முதல் பங்குனி ஆமைகளின் பருவத்தில் இரவுதோறும் நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே நடந்து கூடுகளை எண்ணிவருகிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது ‘இது வழக்கமானதல்ல’ என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது, ஒப்பிடப் பழைய ஏடு இருந்ததால். குப்பத்து மீனுக்கு அப்படி ஓர் ஏடு 1988இல் யாரும் தொடங்கவில்லை.

யாருடைய பழைய கடற்கரை

ஒரே மணலில் இரண்டு ஏக்கங்கள் இருக்கின்றன. அவை ஒன்றையொன்று பார்ப்பதுகூட இல்லை. பிரம்மஞான சபை 1882இல் அடையாறுக்கு வந்தது. அதன் நிறுவனர்களில் ஒருவரான ஹென்றி ஸ்டீல் ஒல்காட்டின் பெயர் குப்பத்தில் நிற்கிறது. 1970களில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகளோடு பெசன்ட் நகர் உருவானது. அங்கே குடியேறிய முதல் தலைமுறையின் ஏக்கம் கூட்டமில்லாத எலியட்ஸ் கடற்கரை, 1977 வெள்ளத்தில் உடைந்த பாலம், கடைகள் முளைக்காத சாலை. அந்த நினைவில் குப்பம் பெரும்பாலும் பின்னணி. குப்பத்தின் நினைவிலோ வீடுகளும் சாலையும் வந்த இடம் முன்பு வலை உலர்த்திய இடம், கருவாடு காயவைத்த இடம், முகத்துவாரத்தில் மடவையும் கொடுவாவும் நண்டும் பிடித்த இடம். 2015இல் கர்நாடக இசைக் கலைஞர் டி.எம். கிருஷ்ணாவும் செயற்பாட்டாளர் நித்யானந்த் ஜெயராமனும் பிறரும் முன்னெடுத்த ஊரூர் ஒல்காட் குப்பம் விழா, இவ்விரண்டு நகரங்களையும் ஒரே மணலில் உட்காரவைக்க முயன்றது. கர்நாடக இசை குப்பத்துக்கு எதற்கு என்ற கேள்வி அப்போது எழுந்தது. அது முக்கியமான கேள்விதான். ஆனால் குப்பத்தின் நினைவு நகரத்தின் காதுக்கு ஏன் எட்டுவதில்லை என்பது அதைவிடப் பெரிய கேள்வி, அதைக் கேட்டவர்கள் குறைவு.

நில உரிமைக்கு வரும்போது நினைவு வேறு வேலை செய்கிறது. 2011ஆம் ஆண்டின் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவர் குடியிருப்புகளையும் படகு நிறுத்தும் இடம், வலை பின்னும் இடம், மீன் உலர்த்தும் இடம் போன்றவற்றையும் கரை மேலாண்மைத் திட்டத்தில் குறிக்க வேண்டும் என்ற கடமையை அரசுகளுக்கு விதித்தது. வருவாய்த் துறை வரைபடத்தில் வெறும் மணலாகவோ புறம்போக்காகவோ இருக்கும் நிலத்தில் எது எங்கே நடந்தது என்பதற்குப் பல இடங்களில் முதியவரின் சொல்லே முதல் சான்று. நலனுக்காக நினைவை வளைக்க மாட்டார்களா என்று கேட்கலாம். வளைக்கலாம். அதே நிலத்தில் சாலை போட விரும்புகிறவருக்கும் நலன் இருக்கிறது. அவருடைய வரைபடத்தை மட்டும் நடுநிலையானது என்று யாரும் சோதிக்காமல் ஏற்பதில் நியாயம் இல்லை. மேலும், இடத்தின் நினைவு அளவின் நினைவைப் போல மங்குவதல்ல. பலர் தனித்தனியே ஒரே இடத்தைக் காட்டுகிறார்களா, பழைய புகைப்படமும் வான்படமும் ஒத்துப்போகின்றனவா என்று சரிபார்க்க வழி உண்டு.

தீராதவை

இதுவரை பார்த்ததை வைத்து ஒரு தரவரிசை சொல்லலாம், எச்சரிக்கையோடு. எந்த மீன், எந்த இடம், எந்தப் பருவம், எந்த வலை என்ற நினைவுக்கு நல்ல மதிப்பு உண்டு. மெக்சிகோவும் பாலாவும் அதைத் தாங்குகின்றன. நிலத்தை யார், எதற்குப் பயன்படுத்தினார்கள் என்ற நினைவு அதற்குச் சற்றும் குறைந்ததல்ல. எவ்வளவு என்ற நினைவு ஏட்டோடு ஒப்பிடாமல் தனியே நிற்காது. விலையின் நினைவு சந்தைக்குச் சாட்சி, கடலுக்கு அல்ல. ருசியின் நினைவை ஆய்விலிருந்து விலக்கி, உரிய மரியாதையோடு சமையலறைக்கு அனுப்பிவிடலாம்.

திறந்திருக்கும் கேள்விகள் சிறியவையல்ல. 1960களுக்கு முந்தைய சென்னைக் கரைக்கடல் எப்படி இருந்தது என்பதற்குப் பேச்சும் இனிக் கிடைக்காது. அதை நேரில் கண்டவர்கள் அநேகமாக இல்லை. கரையோர மீன் குறைந்ததில் இழுவை வலைக்கும், அடையாற்றில் கலக்கும் கழிவுநீருக்கும், கடல் வெப்பத்துக்கும், 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் நிவாரணமாக வந்து குவிந்த ஃபைபர் படகுகளுக்கும் தனித்தனிப் பங்கு எவ்வளவு என்பதும் பிரிக்கப்படாமல் இருக்கிறது. கரையில் மீனை ஏலம் எடுத்து, தெருத்தெருவாக விற்று, மிஞ்சியதைக் கருவாடாக்கிய பெண்களுக்கு எந்த மீன் எப்போது வந்தது, எப்போது நின்றது என்று நன்றாகத் தெரிந்திருக்கும். மீனவர் நினைவு என்ற பெயரில் நடந்த நேர்காணல்களில் பெரும்பாலும் படகில் போன ஆண்களே பேசியிருக்கிறார்கள்.

இவற்றுக்கு விடை தேடப் பெரிய கருவி தேவையில்லை. சென்னை மாவட்டத்தின் ஒவ்வொரு குப்பத்திலும் இரண்டு பேர், அவர்களில் ஒருவர் மீன் விற்கும் பெண், அன்றாடம் வந்த மீனையும் காற்றையும் எழுதிவைக்கவும், அந்த ஏட்டை மீன்வளத் துறை ஆண்டுதோறும் அப்படியே வெளியிடவும் ஏற்பாடு செய்தால் போதும். அதற்கான கூலியை அரசுதான் கொடுக்க வேண்டும். எழுபதைத் தாண்டியவர்களின் பேச்சைப் பதிவு செய்யும் வேலை அதற்கும் முன்னால் நடந்தாக வேண்டும்.